குடம் குறைந்த குழாயடி
கலசப்பாக்கம் குடிநீர் ஏற்பாட்டின் கதை

ரதசப்தமி அன்று அண்ணாமலையார் திருவண்ணாமலையிலிருந்து புறப்பட்டு நம்மூர்ச் செய்யாற்றங்கரைக்கு எழுந்தருளுகிறார். திருமாமுடீஸ்வரர் எதிர்கொண்டு அழைக்க, இருவருக்கும் ஆற்றில் தீர்த்தவாரி நடக்கிறது. இப்படி ஆற்றை வைத்து விழா எடுக்கிற ஊரில், மலர் என்று ஒன்று வந்தால் அதில் தல வரலாறு இருக்கும், பள்ளிக்கூட வரலாறு இருக்கும், தேருக்குக் கைங்கரியம் செய்தவர்கள் பட்டியல் இருக்கும். தினமும் காலையில் நம் வீட்டு வாசலுக்குத் தண்ணீர் கொண்டு வருகிற ஏற்பாட்டைப் பற்றி மட்டும் ஒரு பக்கம்கூட இருக்காது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்தக் கட்டுரை. பாராட்டுரையாக எழுதும் எண்ணம் இல்லை. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக "போதவில்லை, இன்னும் வேண்டும்" என்ற குரலை மட்டுமே கேட்டு வளர்ந்த ஏற்பாடு இது. இப்போது "எங்களுக்கு வேண்டாம்" என்று சொல்கிறவர்களையும் பார்க்கத் தொடங்கியிருக்கிறது. வரலாறு எழுத இதுதான் சரியான நேரம் என்று தோன்றுகிறது.

செய்யாறு ஜவ்வாது மலையில் பிறந்து, செங்கம் வழியாக நம் பக்கம் வந்து, போகப் போகப் பெருத்து, கடைசியில் பாலாற்றில் கலக்கிறது. மேல்சோழங்குப்பம் பக்கம் அணை கட்டியிருக்கிற மிருகண்டா நதியும் இதன் துணையாறுதான். மணல் நிறைந்த ஆறு என்பதால் மேலே ஓட்டம் நின்ற பிறகும் அடியில் ஈரம் இருக்கும். ஊற்று தோண்டி, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பிய தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கிறது. ஆற்றுக்குத் தள்ளி இருந்த ஊர்களுக்குக் கிணறு. யார் கிணற்றில் யார் இறைக்கலாம் என்ற வழக்கும் கூடவே இருந்தது. அதையும் சொல்லாமல் நம்மூர்க் குடிநீர் வரலாற்றை எழுத முடியாது. பொதுக் குழாய் வந்தபோது பல தெருக்களுக்கு அது தண்ணீரோடு வேறொன்றையும் கொண்டு வந்தது.

1960-61 வாக்கில் ஊராட்சி ஒன்றியங்கள் அமைந்தபோது கிராமக் குடிநீர் அவற்றின் பொறுப்பாயிற்று. கிணறு வெட்டுவது, தூர் வாருவது, சுவர் கட்டுவது என்று வேலை நடந்தது. தொழில்நுட்பம் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறையின் கையில் இருந்தது. பிறகு தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியம் 1971 ஏப்ரல் 14 முதல் செயல்படத் தொடங்கியது. 1978-ல் சென்னைக்கென்று தனி வாரியம் பிரிந்தது. மற்ற மாநிலம் முழுவதற்கும், நம் போளூர் வட்டாரம் உட்பட, குடிநீர் வடிகால் வாரியம்தான் பொறுப்பு. கலசப்பாக்கம் அப்போது போளூர் வட்டத்தில் இருந்தது. தனி வட்டமானது பின்னால்தான்.

வாரியத்தின் முதல் பத்தாண்டின் கதாநாயகன் அடிபம்பு. நம் மண்ணுக்குக் கீழே கருங்கல். கைத்துளையில் போர் போட முடியாத பூமி. 1960-களின் பின்பாதியில் வறட்சி வந்தபோது யுனிசெஃப் மூலம் காற்றழுத்தத் துளையிடும் எந்திரங்கள் இந்தியாவுக்கு வந்தன. பாறையைத் துளைக்க முடிந்தது. ஆனால் துளை மேல் வைத்த வார்ப்பிரும்புப் பம்புகள் ஒரு வீட்டுக்கு ஏற்றவை. ஒரு ஊரே வரிசையில் நின்று அடித்தால் தாங்கவில்லை. எழுபதுகளின் நடுவில் போட்ட பம்புகளில் பெரும்பாலானவை பழுதாகிக் கிடந்தன. மகாராஷ்டிரத்துச் சோலாப்பூர் பம்பை அடிப்படையாக வைத்து, கோயம்புத்தூர் பக்கத்துக் கிராமங்களில் சோதித்து, சென்னை ரிச்சர்ட்சன் அண்ட் குருட்டாஸ் தொழிற்சாலையில் 1970-களின் இறுதியில் தயாரிக்கத் தொடங்கியதுதான் இந்தியா மார்க் 2. அந்தச் சோதனையில் நம் வாரியத்துக்கும் பங்கு உண்டு. ஆப்பிரிக்கா வரை போன பம்பு அது. பழுது பார்க்க மூன்றடுக்கு முறையும் தமிழ்நாட்டில்தான் பிறந்தது: ஊரில் ஒரு பராமரிப்பாளர், ஒன்றியத்தில் ஒரு மெக்கானிக், மாவட்டத்தில் கருவிகளோடு ஒரு வண்டி. போர்டு வைத்துத் திறப்பு விழா நடத்த முடியாத வேலை இது. ஆனாலும் வாரியத்தின் சாதனைகளில் இதைத்தான் நான் முதலில் வைப்பேன்.

அதற்குப் பிறகு கரண்டு மோட்டார், மேல்நிலைத் தொட்டி, தெருக்குழாய். மலைமேல் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் வீடுகள் சிதறிக் கிடப்பதால் அங்கே சின்னச் சின்ன ஏற்பாடுகள். கீழே பெரிய ஊர்களுக்கு 30,000, 60,000 லிட்டர் தொட்டிகள். பல ஊர்களைச் சேர்த்துக் கூட்டுக் குடிநீர்த் திட்டங்கள். 2019 ஆகஸ்டில் ஜல் ஜீவன் மிஷன் அறிவிக்கப்பட்டபோது தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் ஏறக்குறைய 22 லட்சம் வீடுகளில்தான் குழாய் இருந்தது. சில ஆண்டுகளில் அது ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. ஆளுக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் என்றிருந்த கணக்கு 55 ஆயிற்று.

இந்தக் கதை முழுக்க ஒரே திசையில்தான் ஓடுகிறது. ஒரு திட்டத்துக்கு மதிப்பீடு போடும்போது பொறியாளர் இன்றைய மக்கள்தொகையை எழுதுவார். பக்கத்தில் 15 ஆண்டுகளுக்குப் பிந்தையதை எழுதுவார். அதற்கும் பக்கத்தில் 30 ஆண்டுகளுக்குப் பிந்தையதை எழுதுவார். மூன்றாவது கட்டத்து எண்ணுக்கு ஏற்பத்தான் குழாயின் விட்டம் முடிவாகும். அந்தக் கட்டத்தில் முதல் கட்டத்தைவிடச் சின்ன எண் வந்து நான் பார்த்ததில்லை. பிள்ளைகள் பெங்களூருக்கும் சென்னைக்கும் திருப்பூருக்கும் போய், தாத்தாவும் பாட்டியும் மட்டும் இருக்கிற தெருக்கள் நம் தாலுகாவில் எத்தனை! படிவத்துக்கு அது தெரியாது.

ஆள் குறைவது ஒரு பக்கம். இருக்கிறவர்களும் மெல்ல விலகுகிறார்கள். வசதியுள்ளவர் வீட்டுக்கு வீடு போர் போட்டு, மாடியில் சின்டெக்ஸ் வைத்துவிட்டார். நிலத்தில் இலவச மின்சார மோட்டார் உள்ளவர் துவைக்கக் குளிக்க அங்கேயே முடித்துக்கொள்கிறார். குடிக்க 20 லிட்டர் கேன். கல்யாண வீட்டில் கேன், கடையில் கேன், காது குத்துக்கும் கேன். குழாய்த் தண்ணீர் பாத்திரம் கழுவவும் வாசல் தெளிக்கவும் என்று ஆகிவிட்டது. எல்லாத் தெருவிலும் இப்படி என்று சொல்லிவிட முடியாது. குழாயை விட்டால் வேறு வழியில்லாத வீடுகள் நிறைய இருக்கின்றன. குழாயடியில் கடைசி வரை நிற்பவர்கள் அவர்கள்தான் என்பதால், மற்றவர்கள் விலகுவது அவர்களைத்தான் முதலில் தொடும்.

எப்படித் தொடும்? தொட்டி திறக்கிற ஆபரேட்டரின் காலை வேலையைக் கூட இருந்து பார்த்தால் புரியும். 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது கணக்கு. 30,000 லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அதை வாளியில் கரைத்து, சுண்ணாம்புக் கசடு அடியில் தங்கும்வரை விட்டு, மேலே தெளிந்த நீரை மட்டும் ஏணி ஏறித் தொட்டியில் ஊற்ற வேண்டும். அரை மணி நேரமாவது விட்டுப் பிறகு வால்வைத் திறக்க வேண்டும். கடைக்கோடி வீட்டுக் குழாயில் பிடித்த நீரில் ஆர்த்தோடாலிடின் சொட்டு விட்டால் லேசான மஞ்சள் தெரிய வேண்டும். அங்கே 0.2 பி.பி.எம். குளோரினாவது மிச்சம் இருந்தால்தான் தண்ணீர் வழியில் கெடவில்லை என்று பொருள்.

நூறு வீடு பிடித்த குழாயில் நாற்பது வீடுதான் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தொட்டியில் நேற்றைய தண்ணீர் பாதி நிற்கும். அதன் மேல் இன்றைய தண்ணீர் ஏறும். தெருக்கோடிப் பைப்பில் தண்ணீர் நகராமல் வெயிலில் காயும். குளோரின் அங்கே போய்ச் சேருவதற்குள் தீர்ந்துவிடும். சொட்டு விட்டால் மஞ்சள் வராது. கடைசி வீட்டுக்காரர், "தண்ணி ஒரு மாதிரி நாறுதுப்பா" என்பார். ஆபரேட்டர் மறுநாள் ஒரு கை பவுடர் கூடப் போடுவார். உடனே முதல் வீட்டுக்காரர், "மருந்து நாத்தம் தாங்கல" என்பார். இரண்டு பேரும் கேன் வாங்கத் தொடங்குவார்கள். குழாயில் பிடிக்கிறவர் இன்னும் குறைவார், தண்ணீர் இன்னும் தேங்கும். யார் மீதும் குற்றமில்லை. அறுபதாயிரம் லிட்டர் போகும் என்று கட்டிய ஏற்பாட்டில் இருபதாயிரம் போனால் இதுதான் நடக்கும்.

செலவு மட்டும் அந்த அளவுக்குக் குறையாது. மோட்டார் ஓடும் நேரம் குறைந்தால் கரண்டு பில் கொஞ்சம் இறங்கும். ஆபரேட்டர் சம்பளம், பைப் உடைப்பு, வால்வு மாற்றல், மாதம் இருமுறை தொட்டி கழுவல் எல்லாம் அப்படியேதான். பாதி சீட்டு காலியாக இருந்தாலும் போளூர் பஸ்ஸுக்கு டீசல் ஏறக்குறைய அவ்வளவுதானே ஆகும்?

இந்தக் கணக்கு ஒரு நிறுவனத்தை எவ்வளவு தூரம் படுத்தும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பெரிய சான்று திருப்பூர். நம் பிள்ளைகள் பனியன் கம்பெனிக்குப் போகிற அதே திருப்பூர். அங்கே சாய, சலவைப் பட்டறைகளுக்குத் தண்ணீர்தான் உயிர். ஊரில் நிலத்தடி நீர் கெட்டுப்போனதால் சுற்றுக் கிராமக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாக வாங்கினார்கள். இந்தத் தேவையை நம்பி 1995-ல் நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் என்ற நிறுவனம் உருவாயிற்று. தமிழக அரசு, ஏற்றுமதியாளர் சங்கம், ஐ.எல்.அண்ட் எஃப்.எஸ். நிதி நிறுவனம் எல்லாம் அதில் பங்காளிகள். தனியார் பங்கேற்போடு இந்தியாவில் எழுந்த முதல் பெரிய குடிநீர்த் திட்டங்களில் ஒன்று. ஏறத்தாழ 1,023 கோடி ரூபாய்ச் செலவு. பவானி அருகே காவிரியிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் கொண்டு வரும் திறன். 2005-06 வாக்கில் தண்ணீர் வந்தது.

அதன் கணக்குப் புத்தகம் அழகானது. பட்டறைகளுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய். நகராட்சிக்கும் வழியோரக் கிராமங்களுக்கும் அதில் சிறு பங்கு விலைதான். பட்டறை கொடுக்கிற காசில் கிராமத்துக்குத் தண்ணீர். கடனும் அதிலேயே அடையும். ஏழைக்கும் கிடைக்கும், கம்பெனிக்கும் கட்டும் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

மெச்சியவர்கள் திருப்பூர் வழியாக ஓடும் நொய்யல் ஆற்றைக் கணக்கில் எடுக்கவில்லை. சாயக்கழிவு கலந்த நொய்யல் நீர் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிக் கீழ்ப்பகுதி விவசாயிகளின் நிலத்தைக் கெடுத்தது. ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அப்படிச் செய்ய வேண்டுமானால் கழிவைச் சுத்திகரித்து அதே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். திரும்பப் பயன்படுத்தினால் புதுத் தண்ணீர் எதற்கு? 2011 ஜனவரியில் உத்தரவைக் கடைப்பிடிக்காத நூற்றுக்கணக்கான பட்டறைகளை மூடச் சொன்னது நீதிமன்றம். 45 ரூபாய் கொடுக்கிறவர் கடையை மூடினார். மீண்டும் திறந்தபோது மறுசுழற்சியோடு திறந்தார். 5 ரூபாய் அளவில் கொடுக்கிறவர்கள் மட்டும் பெருகினார்கள். கட்டி வைத்த கொள்ளளவை விற்பனை எட்டவில்லை. கடனை மறுசீரமைக்க வேண்டி வந்தது.

ஆற்றுக்கு நல்லது, விவசாயிக்கு நல்லது, நாட்டுக்கு நல்லது. தண்ணீர் விற்கிற நிறுவனத்துக்கு மட்டும் அடி. தண்ணீர் மிச்சமாவதைப் பார்த்து வருத்தப்பட வேண்டிய நிலையில் ஒரு குடிநீர் நிறுவனத்தை நிறுத்தினால், தப்பு தண்ணீரில் இல்லை, கணக்கு எழுதிய முறையில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஜெர்மனியில் 1990-ல் ஆளுக்கு நாளொன்றுக்கு 147 லிட்டர் அளவில் இருந்த வீட்டுப் பயன்பாடு பிறகு 120-125 லிட்டருக்கு வந்தது. கிழக்குப் பகுதியில் தொழிற்சாலைகள் மூடி மக்களும் வெளியேற, பெருத்த குழாய்களில் தண்ணீர் தேங்கிப்போய், நல்ல தண்ணீரையே திறந்துவிட்டுக் கழுவ வேண்டியதாயிற்று. பெர்லினில் நீர் எடுப்பது குறைந்து நிலத்தடி நீர் ஏறி, வீடுகளின் நிலவறைகளில் ஈரம் கசிந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் 2018-ல் வறட்சிக்குப் பயந்து பயன்பாட்டைப் பாதிக்கும் கீழே கொண்டு வந்தது. மக்கள் சொன்னபடி கேட்டார்கள், மாநகராட்சியின் தண்ணீர் வருமானம் சரிந்தது. அதனால் அந்த ஆண்டு ஜூலையிலிருந்து எவ்வளவு பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் இணைப்புக்கு என்று ஒரு நிலைக் கட்டணம் போட்டார்கள்.

இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. நம் ஊராட்சிகளில் மீட்டர் கிடையாது, வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரே தொகை. இது பழைய முறை, விஞ்ஞானத்துக்கு ஒவ்வாதது என்று வந்து போன நிபுணர்கள் எல்லாம் சொல்லிவிட்டுப் போனார்கள். கேப்டவுன் அடிபட்டுப் போய்ச் சேர்ந்த இடத்தில் நாம் முன்பிருந்தே உட்கார்ந்திருக்கிறோம். நம் சிக்கல் வேறு. "நாங்கதான் கேன் வாங்குறோமே, எதுக்குத் தண்ணி வரி?" என்று கேட்கிறவருக்குப் பதில் சொல்ல யாரும் இல்லை. அது பிடிக்கிற குடத்துக்கான காசு அல்ல, குழாய் இருப்பதற்கான காசு என்று யாரும் எடுத்துச் சொன்னதில்லை. ரசீதிலும் அப்படி எழுதியதில்லை.

குறைவாகச் செலவழிப்பதை ஒரு வேலையாக எடுத்துச் செய்த அனுபவமும் நம் வாரியத்துக்கு உண்டு. 2004 வாக்கில் வாரியப் பொறியாளர்கள் "கூடம்" என்று ஒன்றைத் தொடங்கினார்கள். கோயில் மண்டபத்திலும் வீட்டுக் கூடத்திலும் உட்காருவதுபோல, அதிகாரி, உதவியாளர், ஊர்க்காரர் என்ற மேல் கீழ் இல்லாமல் உட்கார்ந்து பேசுவது. மறைமலைநகரில் கூடியவர்கள் புதுத் திட்டம் கட்டுவதோடு நீராதாரத்தைக் காப்பதும் தங்கள் வேலை என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். அந்த உறுதியோடு பொறியாளர்கள் போன ஊர்களில், புது போர் வேண்டும் என்று மனு கொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசியபோது, பழைய பம்பைச் சரி செய்தாலே போதும், மோட்டாரை இத்தனை மணி நேரம் ஓட்டத் தேவையில்லை என்று தெரிய வந்தது. கட்டுமானச் செலவும் மின்செலவும் குறைந்தன. திட்டம் பெரிதானால் பெருமை என்ற பழக்கத்துக்கு எதிராக ஒரு அரசு வாரியம் தானே போனது இது. இன்னும் கொஞ்சம் தூரம் போயிருக்கலாம்.

இவ்வளவும் சொன்னதால், தேவை குறைகிறது, தொட்டியை இடித்துவிடலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். விலகிப் போனவர்கள் நிரந்தரமாகப் போகவில்லை. மழை பொய்த்த ஆண்டின் சித்திரையில் வீட்டு போர் காற்று விடும். கேன்காரரின் போரும் அதே பூமியில்தான் இருக்கிறது. அன்றைக்கு எல்லோரும் குடத்தோடு ஊராட்சிக் குழாயடிக்கு வருவார்கள். 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 டேங்கர்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் ரயிலில் போனது. நம் ஜவ்வாது மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜோலார்பேட்டை. போனது வேலூர் மாவட்டத்துக்கான காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர். அந்தத் திட்டத்தில் எடுத்துக் கொடுக்க இடம் இருந்ததால்தான் கொடுக்க முடிந்தது. சும்மா இருக்கிற கொள்ளளவு என்று ஆடிட்டர் எழுதுகிற இடத்தில் இப்படிப்பட்ட நாட்களும் அடங்கியிருக்கின்றன.

ஆகவே தேவை குறைந்த காலத்துக்கு ஏற்ற ஓட்டம் ஒன்று வேண்டும், அதைச் செய்யப் பெரிய பணம் வேண்டாம். தொட்டியை விளிம்பு வரை நிரப்பும் பழக்கத்தை விட்டு, அன்றன்று போகிற அளவுக்கு மட்டும் ஏற்றலாம். இரண்டு தொட்டி உள்ள ஊரில் ஒன்றை மாற்றி ஒன்று ஓட்டலாம். தெருக்கோடியில் கழிவு வால்வு இல்லாத இடத்தில் ஒன்று வைத்து, வாரம் ஒரு முறை திறந்து தேங்கிய தண்ணீரைப் பள்ளிக்கூடத்துச் செடிக்கோ கோயில் நந்தவனத்துக்கோ விடலாம். அடிபம்புகளில் நல்ல தண்ணீர் தருகிற சிலவற்றையாவது கழற்றி எடைக்குப் போடாமல் கரண்டு இல்லாத நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். பவுடர் போடும் கணக்கை, தொட்டியின் கொள்ளளவை வைத்து அல்லாமல் அன்று ஏறிய தண்ணீரை வைத்துப் போட ஆபரேட்டருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். சொட்டு விட்டுக் குளோரின் பார்க்கும் குளோரோஸ்கோப்பைப் பீரோவில் பூட்டி வைக்காமல் அவர் கையில் கொடுத்தால் இது தானாக நடக்கும்.

ரசீதைத்தான் முதலில் மாற்ற வேண்டும்: குழாய் இருப்பதற்கான காசு என்று அதில் எழுத வேண்டும். அதை எடுத்துச் சொல்ல ஏற்ற இடம் கிராம சபை. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்றும் இப்போது நம் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. அன்றைக்கு வழக்கமான தீர்மானங்களோடு குடிநீர்க் கணக்கை மட்டும் தனியாக எடுத்து வாசிக்கலாம்: கரண்டு எவ்வளவு, ஆள் சம்பளம் எவ்வளவு, பைப் செலவு எவ்வளவு, கூட்டுத் திட்டத் தண்ணீருக்கு வாரியத்துக்குக் கட்டியது எவ்வளவு, வீடுகளிலிருந்து வந்தது எவ்வளவு. கேன் வாங்குகிற வீட்டுக்காரரும் அங்கே உட்கார்ந்து அதைக் கேட்கட்டும். கட்டணத்தை ஏற்றுவதா, அப்படியே வைப்பதா, குழாயை மட்டுமே நம்பியிருக்கிற வீடுகளுக்குக் குறைப்பதா என்பதை அதன் பிறகு கையைத் தூக்கி முடிவு செய்யட்டும்.